கோங்க்: ஒரு பிரெஞ்சு மலைக்கிராமத்தை நடந்து பார்ப்பது எப்படி?

கோங்க் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: ராத்திரி தங்குகிறீர்களா? இல்லை என்றால், முடிந்தவரை தேதியை மாற்றப் பாருங்கள் என்பேன். காலை பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்கி, தேவாலய வாசலில் நாலு படம் எடுத்து, ஒரு ஐஸ்க்ரீமும் சாப்பிட்டு, நாலு மணிக்கு வண்டி ஏறுகிறவர்கள் பார்ப்பது ஒரு ஊர். ஆறு மணிக்கு மேல் கடைகள் சாத்தி, கூட்டம் கலைந்து, கல்தெருவில் நடைப்பயணிகளின் கைத்தடிச் சத்தம் மட்டும் கேட்கும்போது அதே இடத்தில் இருப்பது இன்னொரு ஊர். இந்த இரண்டாவது ஊருக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கும் அது கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோங்க் இருப்பது பிரான்சின் தென்பகுதியில், அவேரோன் மாவட்டத்தில், ரொதெஸ் நகரத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில். ஊஷ் என்ற சின்ன ஓடை தூர்தூ ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே, வெயில் பார்த்த சரிவில், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி கட்டப்பட்டிருக்கும். ஊர்ப்பெயர் சிப்பியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எதிர்மலையில் நின்று பார்த்தால் ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று புரியும். 2016இல் பக்கத்து ஊர்களோடு சேர்த்து கோங்க்-ஆன்-ரூவெர்க் என்று ஒரே நிர்வாக ஊராக்கிவிட்டார்கள். வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், நாம் போவது அதில் உள்ள பழைய கோங்க்.

தேதியும் படுக்கையும்

முதல் வேலை தங்குமிடம். ஊர் மிகச் சிறியது, படுக்கைகளும் குறைவு. லு புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை போகும் பழைய யாத்திரைப் பாதை ஊருக்குள்ளேயே வருகிறது. ஜி.ஆர். 65 என்ற எண் போட்ட நெடும்பாதை அதுதான். நம் ஆட்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார்க் கூட்டம் அப்போதுதான், சரி. ஆனால் நடந்து வருகிறவர்களின் கூட்டம் மே மாதமும் செப்டம்பரும். மே மாதத்தில் பொதுவிடுமுறைகளை வார இறுதியோடு சேர்த்து ஊரே கிளம்பிவிடும், அந்த நாட்களுக்குப் பல மாதம் முன்பே எடுத்து வைக்க வேண்டும். என் கணக்கில் நல்ல காலம் ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் அக்டோபர் முதல் இரண்டு வாரம். அக்டோபர் 6 ஊர்ப் புனிதையின் திருநாள், அதை ஒட்டிய ஞாயிறன்று கொண்டாடுவார்கள். மலைச்சரிவில் கஷ்கொட்டைக் காய் விழுகிற சமயமும் அதுதான்.

தங்குவதற்கு மூன்று விதம் உண்டு. ஹோட்டல் ஒன்று. வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டில் அறை விட்டுக் காலை உணவும் கொடுக்கும் ஷாம்ப்ர தோத் இன்னொன்று. மூன்றாவது ஜீத் எனப்படும் நடைப்பயணிகள் விடுதி, அதில் பொதுக்கூடமும் அடுக்குக் கட்டிலும்தான் இருக்கும். தேவாலயத்தை ஒட்டிய மடத்திலேயே யாத்திரிகர்களுக்குத் தங்குமிடம் இருக்கிறது, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பிரெஞ்சு தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது. எதை எடுத்தாலும் 'தெமி பான்சியோன்' உண்டா என்று கேளுங்கள், அதாவது ராத்திரிச் சாப்பாடும் காலை உணவும் சேர்ந்தது. ஊரில் எட்டரை மணிக்கு மேல் போய்ச் சாப்பாடு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு ராத்திரி வையுங்கள். ஒன்று ஊருக்கு, ஒன்று சுற்றியுள்ள காட்டுக்கு.

போய்ச் சேர்வது

பாரிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரொதெஸ் வரை இரவு ரயில் இருக்கிறது. எல்லா நாளும் ஓடும் என்று எண்ணி விடாமல் நாளைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ரொதெஸில் காலையில் இறங்கினால் அங்கேயே ஒரு அரைநாள் செலவிடலாம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அங்கிருந்து கோங்க் பக்கம் பேருந்துகள் குறைவு, ஞாயிறு, விடுமுறை என்றால் இன்னும் குறைவு. அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் கோங்க் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அந்தத் தேதிக்கு எது ஓடுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது. காரில் போகிறவர்கள் ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஊர்த்தெருக்கள் கழுதையும் மனிதனும் போகிற அளவில் போட்டவை.

ரொதெஸிலேயே கொஞ்சம் கைப்பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விடுதிகள் சிலவற்றில் அட்டை வாங்க மாட்டார்கள். வரைபடத்தையும் அங்கேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் வரும், போகும்.

கடைசி 9 கிலோமீட்டரை நடந்து வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கோங்குக்குக் காரில் வந்து இறங்காதீர்கள், நடந்து வந்து சேருங்கள். லு புய்யிலிருந்து 200 கிலோமீட்டர் நடக்கச் சொல்லவில்லை, அதற்குப் பத்து நாள் ஆகும். கிழக்கே ஜி.ஆர். 65 பாதையிலேயே செனெர்க் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கிருந்து கோங்க் சுமார் 9 கிலோமீட்டர். யாத்திரிகர்களின் பைகளை ஊருக்கு ஊர் எடுத்துப்போகும் வேன்கள் இந்தப் பாதை முழுக்க ஓடுகின்றன. அவர்களில் சிலர் ஆட்களையும் ஏற்றிக்கொள்வார்கள், இல்லையென்றால் ஒரு டாக்ஸி. பையை விடுதிக்கு அனுப்பிவிட்டு, தண்ணீரும் ரொட்டியும் மட்டும் தோளில் போட்டுக்கொண்டு செனெர்க்கில் இறங்கி நடங்கள். மூன்று மணி நேரம் போதும்.

முக்கால்வாசித் தூரம் மேட்டுநிலம்தான், மாடு மேயும் புல்வெளி, வேலி, தூரத்தில் நீலமாக மலை, பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. கோங்க் எங்கே என்று தேடினால் எங்கேயும் தெரியாது. சாந்த் மர்செல் என்ற சின்னக் குடியிருப்பைத் தாண்டியதும் பாதை சட்டென்று காட்டுக்குள் இறங்கும், அப்போதும் தெரியாது. கல்லும் வேருமாக அரை மணி நேரம் இறங்கிய பிறகு, மரக்கிளைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கூரை, அடுத்து இன்னொன்று, அப்புறம் தேவாலயத்தின் கோபுரம் என்று ஊர் ஒவ்வொரு துண்டாக வெளியே வரும். ஆயிரம் வருஷமாக இந்தப் பாதையில் வந்தவர்கள் எல்லோரும் ஊரை இப்படித்தான் பார்த்தார்கள். கார் வழியில் இது கிடைக்காது.

அந்தக் கடைசி இறக்கத்தில் கவனம் வேண்டும். தட்டையாகப் பிளக்கும் சிஸ்ட் என்ற கல், நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். முதல் தடவை நான் போனது மழை விட்ட மறுநாள், தேய்ந்த அடியுள்ள ஷூ வேறு. ஈர இலைக்குக் கீழே கல் இருப்பது தெரியாமல் கால் வைத்து, உட்கார்ந்த வாக்கில் இரண்டு மீட்டர் சறுக்கினேன். முழங்கையில் பட்ட காயத்தோடுதான் ஊருக்குள் நுழைந்தேன். பிடிமானம் உள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் இருந்தால் பயமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு தடி நல்லது.

பாதைக் குறிகள்

பிரான்சில் நடைபாதைக் குறிகளைப் படிக்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மரத்திலோ கல்லிலோ மின்கம்பத்திலோ பெயிண்டில் கோடு போட்டிருப்பார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர். என்கிற நெடும்பாதை. மஞ்சள் மட்டும் என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பாதை. கோடுகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அங்கே திரும்ப வேண்டும். பெருக்கல் குறி மாதிரி போட்டிருந்தால் அது நம் வழி இல்லை, வந்த வழியே திரும்பிப் பிரிவு வரை போய்விடுங்கள். பத்து நிமிடம் நடந்தும் ஒரு குறியும் கண்ணில் படவில்லை என்றால், அநேகமாக எங்கேயோ ஒரு திருப்பத்தை விட்டிருப்பீர்கள். கோங்கில் ஜி.ஆர். 65 தவிர ரொதெஸ் பக்கம் போகும் ஜி.ஆர். 62ம் வருகிறது, இரண்டுக்கும் ஒரே வெள்ளை-சிவப்புக் குறி. பிரியும் இடத்தில் பலகையில் எண்ணைப் பார்த்துப் போங்கள். தேசிய நிலவரை நிறுவனமான ஐ.ஜி.என். போடும் 1:25,000 அளவு வரைபடத் தாள் ஒன்று கையில் இருந்தால் போன் அணைந்தாலும் கவலை இல்லை.

ஊருக்குள்

வந்தவுடனே தேவாலயத்துக்கு ஓடாமல் முதலில் தெருக்களைச் சுற்றுங்கள். தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். ஓடு கிடையாது, 'லோஸ்' என்று சொல்லும் சிஸ்ட் கல் தகடுகள், மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அடிவரிசையில் பெரிய கனமான தகடுகள், மேலே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வரும். இவ்வளவு பாரத்தைத் தாங்க அடியில் கெட்டியான மரச்சட்டம் தேவை. சுவர்களில் மரச்சட்டத்துக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கும், லேசான இளஞ்சிவப்பு நிறம். வீடுகள் சரிவில் இருப்பதால் மேல்தெருவில் வாசலுக்குள் நுழைகிறவர் கீழ்த்தெருவுக்கு இரண்டு மாடி உயரத்தில் நிற்பார். மழை பெய்து முடிந்து வெயில் வரும் அந்தப் பத்து நிமிடம் கூரை முழுவதும் வெள்ளி மாதிரி மின்னும், அதற்காகவே மழையில் கொஞ்சம் நனையலாம்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ப்லோ ஊற்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காக எழுதிய வழிகாட்டி ஒன்றிலேயே இந்த ஊற்றின் அருமையைச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் இங்கே உட்கார்ந்ததே தண்ணீரால்தான். 8ஆம் நூற்றாண்டு முடிவில் தாதோன் என்ற துறவி தனியாக வந்து தங்கினார், அவரைச் சுற்றி மடம் வளர்ந்தது. ஆனால் மடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுக்க ஒரு புனிதரின் எலும்பு தேவைப்பட்டது. அஜேன் நகரத்தில் சேன்த் ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகள் இருந்தன. கிறிஸ்தவ நம்பிக்கையை விட மாட்டேன் என்று சொல்லிக் கொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுப் பெண் என்பது மரபு. கோங்கிலிருந்து ஒரு துறவி அஜேனுக்குப் போய், அங்கே பல வருஷம் நம்பிக்கைக்குரியவராக இருந்து, கடைசியில் 866 வாக்கில் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று இந்த ஊர்க் கதை சொல்கிறது. அதற்கு அப்புறம்தான் யாத்திரைப் பாதையே இந்தப் பள்ளத்தாக்குக்குள் வளைந்தது.

வாசல் சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம்

இப்போது தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு வாருங்கள். கட்டடம் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் கடைசித் தீர்ப்புக் காட்சி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது, மொத்தம் 124 உருவங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து நேராக விழும்போது கல் தேன் நிறமாகிவிடும், அந்த நேரத்துக்கு வந்து எதிர்ப்படியில் உட்காருங்கள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள், பறவை பார்க்கிற சின்னது போதும்.

படிக்கும் முறை இது. நடுவில் கிறிஸ்து, வலது கை மேலே, இடது கை கீழே. அவருடைய வலப்பக்கம், அதாவது நமக்கு இடது, மோட்சம். மறுபக்கம் நரகம். இந்த இரண்டின் வித்தியாசத்தை முகங்களைப் பார்ப்பதற்கு முன்பே அமைப்பிலேயே காணலாம்: மோட்சப் பக்கம் வளைவுகளுக்குக் கீழே ஒவ்வொருவராக அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், நரகப் பக்கம் கை, கால், வால், நெருப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கிறிஸ்துவின் காலடியில் தராசு. ஒரு பக்கம் மிக்கேல் தூதர், எதிரே பேய். அந்தப் பேய் தன் பக்கத்துத் தட்டை விரலால் அழுத்துவதைக் கவனியுங்கள். அதற்குக் கீழே இரண்டு கதவுகள், மோட்சத்துக்கு ஒன்று, நரகத்துக்கு ஒன்று. கீல், பூட்டு வரை கல்லில் இருக்கிறது. நரகக் கதவு ஒரு பெரிய மிருகத்தின் வாய்க்குள்.

நரகத்தில் யார் யார் என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கருமி, நாக்கைப் பிடுங்கப்படும் பொய்யன், காய்ச்சிய உலோகத்தைக் குடிக்க வேண்டிய கள்ளநாணயக்காரன். ஒருவனை நெருப்பில் வாட்டுவது ஒரு முயல் என்று சொல்வார்கள், முயல் வேட்டைக்காரனுக்கு வந்த கதி. பேயின் வலைக்குள் செங்கோலோடு மாட்டிக்கொண்ட மடத்தலைவரும் இருக்கிறார். தங்கள் சொந்த வாசலில், தங்களைப் போன்ற ஒருவரையே நரகத்தில் வைத்துச் செதுக்கச் சம்மதித்த அந்தத் துறவிகள்மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த ஒரு உருவத்தைப் பார்த்துத்தான்.

எதிர்ப்பக்கம், கீழே ஒரு மூலையில் சிறுமி ஃபுவா மண்டியிட்டிருக்கிறாள். மேகத்திலிருந்து ஒரு பெரிய கை வந்து அவள் தலையருகே நிற்கிறது. அவளுக்குப் பின்னால் வளைவுகளில் கைவிலங்குகள் தொங்கும். அவளிடம் வேண்டிக்கொண்டு விடுதலையான கைதிகள் கொண்டுவந்து போட்டவை. உள்ளே பலிபீடத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பியடைப்பே அந்த விலங்குகளை உருக்கிச் செய்ததுதான் என்று ஒரு வழக்கு இருக்கிறது. கடைசியாக, அரைவட்டத்தின் வெளி விளிம்பைப் பாருங்கள். நாடா மாதிரி ஒரு கல்மடிப்பு, அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் சின்னச் சின்ன முகங்கள். உருவங்களின் மடிப்புகளில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் முழுக்க வண்ணம் பூசியிருந்தது.

உள்ளே

கதவைத் திறந்ததும் 22 மீட்டர் உயரம், ஒடுக்கமான அகலம். கண் தானாக மேலே போகும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஜன்னல்களைக் கவனிப்பீர்கள். படமில்லை, நிறமில்லை, சாய்வாக ஓடும் கருங்கோடுகள் மட்டும். ரொதெஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் செய்தவை, மொத்தம் 104 திறப்புகள். தூலூஸ் கண்ணாடிக் கலைஞர் ஜான் தொமினிக் ஃப்ளரியோடு சேர்ந்து 1987இல் தொடங்கி 1994இல் முடித்தார். பள்ளிக்கூடப் பையனாக இங்கே சுற்றுலா வந்தபோதுதான் கலைதான் தன் வாழ்க்கை என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2022இல், 102 வயதில் காலமானார். ரொதெஸில் 2014 முதல் அவருக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது, அரைநாள் அங்கே என்று சொன்னது இதற்காக.

இந்தக் கண்ணாடி வெளியே இருப்பதைக் காட்டாது, வெளிச்சத்தை மட்டும் விடும், அதுவும் ஒரே சீராக விடாது. காலையில் பார்த்தால் ஒரு பக்கம் நீலம் தட்டும், எதிர்ப்பக்கம் வெதுவெதுப்பான மஞ்சள், மத்தியானம் வேறு. அதனால் மூன்று தடவை போங்கள்: காலை கதவு திறந்தவுடன், வெயில் ஏறிய பிறகு, சாயங்காலம். பத்துப் பத்து நிமிடம் போதும். முதலில் பிடிக்கவில்லை என்று சொன்ன என் மனைவி மூன்றாவது தடவை அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தூண்களின் தலைப்புகளிலும் இருநூறுக்கு மேல் சிற்பங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கழுத்து வலிக்கும்.

பக்கத்திலேயே பொக்கிஷ அறை, நுழைவுக் கட்டணம் உண்டு, தயங்காமல் கொடுங்கள். இருட்டறையில் 85 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தங்க உருவம் நாற்காலியில் உட்கார்ந்து நேராக எதிரே பார்க்கும். சேன்த் ஃபுவா. உள்ளே மரம், மேலே தங்கத் தகடு, அதன்மேல் பக்தர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொடுத்த கற்கள், செதுக்கிய ரோமானிய மணிகள். முகம் உடம்போடு சேராத மாதிரி தோன்றும், காரணம், தலை மட்டும் பழைய ரோமானியக் காலத்துத் தலை, எடுத்து வைத்துப் பொருத்தியது. 1013 வாக்கில் ஆன்ஜே நகரத்திலிருந்து பெர்னார் என்ற படித்த குரு வந்தார். உருவத்தின் முன் ஜனங்கள் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, இது பழைய விக்கிரக வழிபாடு மாதிரி இருக்கிறதே என்று முதலில் முகம் சுளித்தார். அப்புறம் மனம் மாறி, அவள் செய்ததாக ஜனங்கள் சொன்ன அற்புதங்களை உட்கார்ந்து எழுதினார். உருவத்துக்கு அலங்காரம் செய்து, நகை போட்டு, பேசி, கோபித்து, வேண்டிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அறையில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

பிரெஞ்சுப் புரட்சியில் நாடு முழுக்க இப்படிப்பட்ட பொருட்களை உருக்கினார்கள். கோங்க் ஜனங்கள் இதையெல்லாம் வீடுகளில் பிரித்து எடுத்துப்போய் ஒளித்து வைத்து, காலம் அடங்கியதும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேவாலயம் மட்டும் கவனிப்பில்லாமல் இடியும் நிலைக்குப் போனது. 1837இல் அரசின் பழஞ்சின்னங்கள் ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே பார்த்து, எழுதி, பழுதுபார்க்க வழி செய்தார். மடத்தின் உள்முற்றத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, கல்லுக்காகவே அதைப் பெயர்த்துவிட்டார்கள். சில வளைவுகளும், பச்சைநிறப் பாம்புக்கல்லில் செய்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியும் மிச்சம்.

ராத்திரி

கோடைப் பருவத்தில் இரவுச் செபம் முடிந்ததும் மடத்துத் துறவி ஒருவர் வெளியே வந்து வாசல் சிற்பத்தை ஒவ்வொன்றாக விளக்குவார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும், மேலே சொன்னதைப் படித்திருந்தால் கையைக் காட்டும் திசையிலேயே புரிந்துகொள்ளலாம். அதற்கு அப்புறம் உள்ளே ஆர்கன் வாசிக்க, சின்னக் கட்டணம் கொடுத்து மாடி நடைகளில் ஏறிப் போகலாம். பகலில் கீழிருந்து அண்ணாந்து பார்த்த தூண் தலைப்புகள் விளக்கு வெளிச்சத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: ஆறும் காடும்

காலையில் ஷார்லமாஞ் தெரு வழியாகக் கீழே இறங்குங்கள். பழைய கோட்டை வாசலைத் தாண்டிக் கல்பாவிய சரிவு, இரண்டு பக்கமும் பழைய வீடுகள். ஒரு இடத்தில் சாந்த் ரொக் சிற்றாலயத்துக்குக் கிளைவழி பிரியும், ஐந்து நிமிடம்தான், பாறை முனையில் நின்று ஊரைத் திரும்பிப் பார்க்கலாம். அடியில் தூர்தூ ஆறும் முதுகு வளைந்த ஒரு பழைய பாலமும். 'ரோமானியப் பாலம்' என்று சொல்வார்கள், ஆனால் ரோமானியர் கட்டவில்லை. யாத்திரிகரைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் மருவி அப்படி ஆனது, பாலம் மத்திய காலத்தது. 1998இல் கொம்போஸ்தெலா பாதைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தத் தேவாலயத்தோடு பாலத்தையும் சேர்த்தார்கள்.

பாலம் தாண்டியதும் ஏற்றம், நல்ல செங்குத்து. மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறுங்கள், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி மலையில் சேன்த் ஃபுவா பெயரிலேயே ஒரு குட்டிச் சிற்றாலயம், எதிரே முழு ஊரும் தெரியும். வெளியே ஒரு மணி இருக்கிறது. கோங்கை விட்டுப் போகும் யாத்திரிகர்கள் இங்கே நின்று அதை அடிப்பார்கள். கீழே ஊரில் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது கேட்கும்.

இன்னும் நேரம் இருந்தால் இரண்டு இடம். ஒன்று, ஊருக்கு எதிரே உள்ள பான்கரெல் காட்சிமுனை. ஊர் சிப்பி வடிவம் என்று சொன்னேனே, அதை முழுசாகப் பார்க்கலாம். இன்னொன்று, ஆற்றோட்டத்தின் போக்கிலேயே போனால் கிரான்-வாப்ர், தூர்தூ ஆறு லோத் நதியில் சேரும் ஊர். அங்கிருந்து மேலே ஏறினால் லா வின்ஸெல், நதிக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்பு. கோங்கில் கூட்டம் நெரியும் ஆகஸ்டு மத்தியானங்களில்கூட அங்கே பூனையும் நாமும்தான். கார் இருந்தால் சுலபம், நடந்து என்றால் முழுநாள்.

காட்டைப் பற்றி. இந்தச் சரிவுகள் கஷ்கொட்டைக் காடு. கோதுமை சரியாக விளையாத இந்த மலையில் பல தலைமுறை வயிறு நிரப்பியது இந்தக் காய்தான், 'ரொட்டி மரம்' என்றே அதற்குப் பேர். பாதையோரம் சின்னக் கல்கொட்டில்கள் இடிந்து கிடந்தால் நின்று பாருங்கள், அவை 'செகாது', மெல்லிய புகையில் வாரக்கணக்கில் காய்களை உலர்த்தும் இடம். ஆனால் கீழே விழுந்த காய் என்று பொறுக்காதீர்கள். பிரான்சில் காட்டுக்கும் அதன் காய்க்கும் காளானுக்கும் சொந்தக்காரர் உண்டு. வேலிக்கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், மாடு வெளியே போனால் அந்த விவசாயிக்கு ஒரு நாள் வேலை கெடும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை பொதுவாக வேட்டைப் பருவம், காட்டுப்பன்றிக்குச் சுடுவார்கள். ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணில் அடிக்கும் நிறத்தில் உடுத்துங்கள். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை கண்டால் வேட்டை நடக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். புல்லில் நடந்தால் ராத்திரி குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும், லைம் நோயாக இருக்கலாம். அவசரத்துக்கு 112.

தண்ணீருக்கு ஒரு வழி: எந்தக் கிராமத்திலும் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

சாப்பாடும் பழக்கமும்

பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் மத்தியானச் சாப்பாடு, ஏழிலிருந்து எட்டரைக்குள் ராத்திரி. ஒரு தடவை இரண்டு மணிக்குக் குழந்தைகளோடு போய்ச் சமையலறை மூடியாகிவிட்டது என்று கேட்டுத் திரும்பினோம், பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்ததால் பிழைத்தோம். கடைகளும் பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாத்தியிருக்கும், திங்கட்கிழமை பல கடை திறக்காது.

அலிகோ கேளுங்கள். உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டி போட்டுக் கிண்டிக் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் நூலாக இழுக்கும் பதத்தில் கொடுப்பார்கள். வழக்கமாகப் பக்கத்தில் பன்றித் தொத்திறைச்சி வரும், வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். முழுச் சைவக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பழைய முறைப் பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருள் சேர்ப்பது வழக்கம். 'ஃபர்சு' என்று ஒரு கீரைப் பண்டம் இருக்கிறது, கீரை அடையைச் சின்னதாகத் தட்டிய மாதிரி, இறைச்சி சேர்த்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு 'எஸ்தொஃபினாதோ' கிடைக்கும்: வடகடலில் பிடித்து உப்பில்லாமல் காயவைத்த மீனை ஊறவைத்து, உருளைக்கிழங்கு, முட்டை, வால்நட் எண்ணெயோடு பிசைந்தது. கருவாடு பிடிக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போனது. ஒயின் குடிப்பவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கின் மார்சியாக் கேட்கலாம், சிவந்த மண்ணில் விளையும் மன்சுவா திராட்சை.

எங்கே நுழைந்தாலும், கடை, விடுதி, பாதையில் எதிரே வரும் ஆள், எதுவாக இருந்தாலும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் இறுகிவிடும். சொன்ன பிறகு அரைகுறை பிரெஞ்சுக்கும் பொறுமையாகப் பதில் வரும். தேவாலயத்தில் செபம் நடக்கும் நேரத்தில் படம் எடுக்க வேண்டாம், துறவிகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள், அது அவர்கள் வீடு.

மூன்றாம் நாள் கிளம்பும்போது, கால் இன்னும் கேட்டால், அதே ஜி.ஆர். 65இல் மேற்கே தெகாஸ்வில் வரை நடக்கலாம், சுமார் 20 கிலோமீட்டர். பாலம், ஏற்றம், சிற்றாலயம், மணி, அதற்குமேல் மேட்டுநிலம். வெயில் ஏறும் முன் ஏழரைக்குள் புறப்படுங்கள், ஊரை விடும் முன் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ரொட்டி வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே விடுதியில் சொல்லி வையுங்கள், காலையில் பொட்டலம் கட்டி மேசையில் வைத்திருப்பார்கள்.